பந்துக்குத் தன் பாதை எப்படித் தெரிகிறது?

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் நடக்க வருபவர்கள் காந்தி சிலைப் பக்கம் கொஞ்ச நேரம் நின்று, சூரியன் எழுவதைப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார்கள். சூரியனின் கீழ் விளிம்பு கடலைத் தொட்டபடி இருக்கும் அந்த நொடியில், கணக்குப்படி சூரியன் இன்னும் எழவே இல்லை. முழு வட்டமும் அடிவானத்துக்குக் கீழேதான் கிடக்கிறது. அடிவானத்தை ஒட்டி வரும் ஒளியைக் காற்று மண்டலம் சுமார் 34 கலை வளைத்துவிடுகிறது (ஒரு பாகைக்கு 60 கலை). சூரியனின் விட்டமோ 32 கலைதான். பூமி சுழலும் வேகத்துக்கு 34 கலையைக் கடக்க இரண்டேகால் நிமிடம் பிடிக்கும். ஆக, வளைந்து வரும் வெளிச்சத்தின் தயவில் நமக்குச் சூரியன் அவ்வளவு முன்னதாகவே உதித்துவிடுகிறது. அந்த நேரத்தில் வட்டம் சற்று நசுங்கினாற்போலத் தெரிவதற்கும் இதுவே காரணம்: மேல் விளிம்பைவிடக் கீழ் விளிம்பு அதிகமாகத் தூக்கிக் காட்டப்படுகிறது.

இந்த வளைவை அந்தக் காலத்திலேயே ஒருவர் இங்கே உட்கார்ந்து அளந்திருக்கிறார். லெ ஜான்டி என்ற பிரெஞ்சு வானியலாளர், சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்க்க 1761இல் புதுச்சேரிக்குக் கப்பலில் வந்துகொண்டிருந்தார். ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போயிருந்ததால் கப்பல் வழியிலேயே திரும்பிவிட்டது. அடுத்த வாய்ப்பு 1769 ஜூனில். விடாமல் காத்திருந்து மறுபடி வந்தார். அன்று காலை பார்த்து மேகம் மூடிக்கொண்டது. பாவம், வந்த வேலை நடக்கவில்லை. ஆனால் இங்கே தங்கியிருந்த காலத்தில் அடிவானத்தில் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதை அளந்து குறித்துவைத்தார்.

ஒளி ஏன் வளைய வேண்டும்? இதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம். முதல் விதம், அடிக்கு அடி பார்ப்பது. கீழே காற்று அடர்த்தி, மேலே மெலிது. ஒளியலையின் கீழ்ப்பகுதி கொஞ்சம் பின்தங்கும், மேல்பகுதி முந்தும், அலை கீழ்நோக்கித் திரும்பும். ஒவ்வொரு இடத்திலும் அந்த இடத்து நிலவரத்தைப் பார்த்தே திருப்பம் நடக்கிறது. இரண்டாவது விதம், புறப்பட்ட இடத்தையும் சேர்ந்த இடத்தையும் வைத்துக்கொண்டு முழுப் பாதையையும் ஒரே பார்வையில் பார்ப்பது. கடல் மட்டத்துக் காற்றில் ஒளியின் வேகம் வெற்றிடத்தில் இருப்பதைவிட நொடிக்குச் சுமார் 90 கிலோமீட்டர் குறைவு. உயரே போகப் போக அந்தக் குறை தேய்ந்துவிடும். எனவே சற்று மேலாக வளைந்து வந்தால் தூரம் கூடினாலும் நேரம் மிச்சமாகும். ஒளி வருவதும் அந்த வழியில்தான்.

இந்த இரண்டாவது விதத்தை ஒரு விதியாகவே எழுதிவைத்தவர் ஃபெர்மா. தொழிலில் நீதித்துறைக்காரர், ஆர்வத்தில் கணிதக்காரர். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒளி மிகக் குறைந்த நேரம் பிடிக்கும் பாதையில் போகிறது என்று 1662இல் சொன்னார். தண்ணீருக்குள் நுழையும்போது ஒளி எவ்வளவு மடங்கும் என்ற விதி அதிலிருந்து அப்படியே வந்து விழுந்தது. பிரெஞ்சுத் தத்துவஞானி தேகார்த்தின் சீடர் கிளெர்சலியே உடனே ஓர் ஆட்சேபம் எழுப்பினார். இயற்கை யோசித்து முடிவெடுப்பதில்லை. எந்தப் பாதையில் எவ்வளவு நேரமாகும் என்று கிளம்பும் முன்பே ஒளிக்கு எப்படித் தெரியும்? நியாயமான கேள்வி. விடை முழுதாகக் கிடைக்க ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் ஆயின. அதைச் சொல்வதற்குமுன் ஒளியை விட்டுவிட்டுப் பந்துக்கு வருவோம். அங்கேதான் கணக்கு கைக்கு அடங்கும்.

கடலூர் சில்வர் பீச்சில் நின்று ஒரு கிலோ எடையுள்ள பந்தை நேர் மேலே எறிகிறீர்கள். சரியாக இரண்டு நொடியில் அது திரும்பக் கைக்கு வருகிறது. காற்றை மறந்துவிடுவோம், புவியீர்ப்பு முடுக்கத்தை வசதிக்காக 10 என்று வைத்துக்கொள்வோம். பள்ளியில் படித்த நியூட்டன் கணக்குப்படி பந்து நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் கிளம்பியிருக்க வேண்டும், 5 மீட்டர் உயரம் தொட்டிருக்க வேண்டும்.

இதே விடையை வேறு வழியில் எடுக்கலாம். அந்த இரண்டு நொடியில் பந்து எப்படி வேண்டுமானாலும் போயிருக்கலாம் என்று கற்பனை செய்யுங்கள். 2 மீட்டர் மட்டும் ஏறி மெதுவாக இறங்கியிருக்கலாம், 8 மீட்டர் வரை பறந்து வேகமாக விழுந்திருக்கலாம், கையிலேயே இருந்திருக்கலாம். ஒவ்வொரு கற்பனைப் பயணத்துக்கும் ஓர் எண் போடுவோம். ஒவ்வொரு கணத்திலும் பந்தின் இயக்க ஆற்றலிலிருந்து (வேகத்தால் வருவது) நிலை ஆற்றலை (உயரத்தால் வருவது) கழித்து, அந்த மிச்சத்தை இரண்டு நொடி முழுவதற்கும் கூட்டினால் வருவது. இயற்பியலில் இதற்குச் ‘செயல்’ என்று பெயர். அதன் அலகு ஜூல்-நொடி.

ஏறும்போது சீராக வேகம் குறைந்து, இறங்கும்போது சீராகக் கூடும் பயணங்களை மட்டும் எடுத்தால் கணக்கு மிகச் சுருக்கம். உச்சி உயரத்தின் வர்க்கத்திலிருந்து உயரத்தின் பத்து மடங்கைக் கழியுங்கள், மூன்றில் நான்கால் (4/3) பெருக்குங்கள். கையிலேயே இருந்த பந்துக்குச் செயல் 0. உச்சி 2 மீட்டரென்றால் −21.3. 4 மீட்டருக்கு −32. 5 மீட்டருக்கு −33.3. அதைத் தாண்டி 6 மீட்டருக்குப் போனால் மறுபடி −32, 8 மீட்டருக்கு −21.3, 10 மீட்டருக்குத் திரும்ப 0. எல்லாவற்றிலும் சிறியது 5 மீட்டருக்கு வந்த எண்தான். நியூட்டன் சொன்னதும் அதே 5 மீட்டர். வேறு தினுசுப் பயணத்தை முயன்று பார்த்தாலும் இதற்குக் கீழே போக முடியாது. ஒரே வேகத்தில் 5 மீட்டர் ஏறி, உச்சியில் சட்டெனத் திரும்பி, அதே வேகத்தில் இறங்கும் பந்துக்குக் கிடைப்பது −25தான்.

இதற்குப் பின்னால் இருப்பது ஒரு சமாதான ஏற்பாடு. நிலை ஆற்றல் கழிக்கப்படுவதால் உயரத்தில் அதிக நேரம் இருப்பது எண்ணைக் குறைக்கும். ஆனால் இரண்டு நொடிக்குள் அவ்வளவு உயரம் போய்வர வேகம் வேண்டும், வேகம் எண்ணை ஏற்றிவிடும். இரண்டும் ஒத்துப்போகும் இடம் 5 மீட்டர். புதுச்சேரிக் கடல்மேல் ஒளி மேலே ஏறி வளைந்து வருவதிலும் இதே மாதிரி இழுபறிதான் நடக்கிறது.

நான் முக்கியமாகக் காட்ட நினைப்பது −33.3 என்ற எண்ணை அல்ல, அதன் அக்கம்பக்கத்தை. உச்சியை 5இலிருந்து 5.1 மீட்டருக்கு மாற்றினால் செயல் 0.013 மட்டுமே மாறுகிறது. 4.9க்கு இறக்கினாலும் அதே 0.013. ஆனால் 2 மீட்டர் பயணத்தை 2.1 மீட்டராக மாற்றினால் செயல் 0.79 மாறிவிடுகிறது, ஏறக்குறைய அறுபது மடங்கு. உண்மையான பாதையைச் சுற்றி மட்டும் எண் அசையாமல், சமதளமாகக் கிடக்கிறது. பாதையைக் கொஞ்சம் இப்படி அப்படி நகர்த்தினாலும் அது கண்டுகொள்வதில்லை. ‘மிகக் குறைவு’ என்பதைவிட இந்தச் சமதளம்தான் அசல் சரக்கு.

இது வரலாற்றில் லேசில் பிடிபடவில்லை. 1744இல் மோபெர்துயி என்ற பிரெஞ்சுக்காரர் வேகத்தையும் தூரத்தையும் பெருக்கி (பிறகு நிறையையும் சேர்த்து) அதற்குச் ‘செயல்’ என்று பேர் வைத்தார். இயற்கை எப்போதும் அதைச் சிக்கனமாகச் செலவிடுகிறது என்றார். பூமியின் வடிவத்தை அளக்க 1736இல் லாப்லாந்துப் பனிக்குப் போய்வந்து பேர் வாங்கியவர்.  மோபெர்துயி அதோடு நிற்கவில்லை. இந்தச் சிக்கனமே கடவுளின் இருப்புக்குச் சான்று என்று ஒரு படி மேலே போனார். பிறகு, இதை ஜெர்மன் கணிதமேதை லைப்னிட்ஸ் முன்பே ஒரு கடிதத்தில் எழுதிவிட்டார் என்று கோனிக் என்பவர் 1751இல் கிளப்பிவிட, பெர்லின் அறிவியல் கழகத்தில் பெரிய ரகளை. பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் மோபெர்துயியைக் கிண்டலடித்து ஒரு துண்டுநூல் எழுதினார், பிரஷ்ய மன்னர் ஃபிரடெரிக் அதைக் கொளுத்தச் சொன்னார். இதில் வேடிக்கை என்னவென்றால், ஒளியைப் பற்றி மோபெர்துயி போட்ட கணக்கே கோணல். தண்ணீரில் ஒளி வேகமாகப் போகிறது என்று அவர் நம்பினார். 1850இல் ஃபூக்கோ என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் அளந்து காட்டியது நேர்மாறாக இருந்தது, தண்ணீரில் ஒளி மெதுவாகும் என்று வைத்துக் கணக்குப் போட்ட ஃபெர்மாவே வென்றார். ஆனால் பந்துக்கும் கோளுக்கும் மோபெர்துயி சொன்ன அளவு நின்றது. அதே 1744இல் ஆய்லர் என்ற சுவிஸ் கணிதமேதை அதைக் கணிதமாகச் சுத்தமாக எழுதியிருந்தார்.

சிக்கனக் கதை ஏன் நிற்காது என்பதற்கு நம் கண்முன்னே ஒரு சாட்சி உண்டு. வெயில் காலத்தில் மத்தியானம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ, புதுச்சேரி–கடலூர் சாலையிலோ போனால் முன்னால் கானல் நீர் பளபளக்கும். எதிரே வரும் லாரியும் தெரியும், அதன் தலைகீழ்ப் பிம்பமும் தாரில் தெரியும். லாரியிலிருந்து உங்கள் கண்ணுக்கு ஒளி இரண்டு பாதையில் வருகிறது. ஒன்று ஏறக்குறைய நேராக. மற்றொன்று சாலையை ஒட்டிய சூடான காற்றில் இறங்கி வளைந்து மேலேறி. இரண்டுக்கும் பிடிக்கும் நேரம் வேறு வேறு. இரண்டுமே ‘மிகக் குறைந்த நேரம்’ ஆக முடியாதல்லவா? ஆனால் இரண்டு பாதையைச் சுற்றியும் சமதளம் இருக்கிறது. ஒளிக்கு அது போதும்.

கிளெர்சலியே கேட்ட கேள்விக்குப் பாதி விடை 1755இல் வந்தது. இத்தாலியின் டூரினில் பிறந்த கணிதக்காரர் லக்ராஞ்சுக்கு அப்போது வயது 19. அந்த வயதில் ஆய்லருக்கு ஒரு கடிதம் எழுதி, முழுப் பாதைக்கான நிபந்தனையை எப்படிப் பிரிப்பது என்று காட்டினார். முழுப் பாதையும் சமதளத்தில் இருக்க வேண்டுமென்றால் அதன் ஒவ்வொரு துணுக்கும் சமதளத்தில் இருந்தாக வேண்டும். துணுக்குக்கான நிபந்தனையை எழுதிப் பார்த்தால் அது நியூட்டனின் விதியேதான். அதாவது, முன்னே சொன்ன இரண்டு விதமான பதில்களும் ஒரே கணக்கின் இரண்டு எழுத்து வடிவங்கள். பந்து கடைசிவரை யோசித்துவிட்டுக் கிளம்ப வேண்டியதில்லை. அடுத்த அடியைச் சரியாக வைத்தாலே முழுப் பாதையும் தன்னால் சரியாகிவிடும். 1788இல் வந்த லக்ராஞ்சின் இயக்கவியல் நூலில் ஒரு படம்கூடக் கிடையாது. எல்லாம் இந்த மாதிரி எழுத்துக் கணக்கு, அதில் அவருக்குப் பெருமை வேறு. நாம் மேலே பார்த்த ‘இயக்க ஆற்றல் கழித்தல் நிலை ஆற்றல்’ வடிவத்துக்கு அழுத்தமான இடம் கொடுத்தவர் டப்ளின்காரர் ஹாமில்டன், 1834இல்.

அது சரி, ஏன் கழித்தல்? இரண்டையும் கூட்டினால் மொத்த ஆற்றல் கிடைக்கும், அது புரிகிறது. கழித்தால் கிடைப்பது என்ன? புத்தகங்கள் பெரும்பாலும் இதைச் சொல்லாமல் தாண்டிப் போய்விடுகின்றன. ஐன்ஸ்டைனிடம் போனால் நேரான பதில் இருக்கிறது: கடிகாரம். ஓடும் கடிகாரம் நிற்கும் கடிகாரத்தைவிட மெதுவாக நடக்கும், உயரத்தில் இருக்கும் கடிகாரம் கீழே இருப்பதைவிட வேகமாக நடக்கும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் இது அன்றாடச் சங்கதி. உயரத்தால் அவற்றின் கடிகாரம் ஒரு நாளைக்கு 45 மைக்ரோநொடி முந்துகிறது, வேகத்தால் 7 மைக்ரோநொடி பிந்துகிறது. நிகரமாக 38 மைக்ரோநொடி முந்துவதைத் திருத்தாவிட்டால் உங்கள் போனில் இடம் தப்பாகக் காட்டும்.

பந்தில் ஒரு கைக்கடிகாரத்தைக் கட்டி எறிவதாக வைத்துக்கொண்டால், இயக்க ஆற்றல் அதைப் பிந்தவைக்கும் பகுதி, நிலை ஆற்றல் முந்தவைக்கும் பகுதி. ஒன்று ஏற்றும், மற்றது இறக்கும், அதனால்தான் நடுவில் கழித்தல் குறி. செயல் குறைவதும் பந்தின் சொந்த நேரம் (அதில் கட்டிய கடிகாரம் காட்டும் நேரம்) கூடுவதும் ஒன்றே. இரண்டு நொடி கழித்துக் கைக்குத் திரும்பும் எல்லாப் பயணங்களிலும், கடிகாரம் அதிகபட்சம் முந்துவது 5 மீட்டர் பயணத்தில்தான். எவ்வளவு முந்தும் என்றும் போட்டுப் பார்க்கலாம். 33.3ஐ ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுத்தால், தசமப் புள்ளிக்குப் பின் 15 சுழியங்கள் போட்டு அப்புறம் 37 என்று எழுதும் அளவு நொடி. அதை உணர நமக்கு வழியில்லை. ஆனால் கடற்கரையில் எறிந்த பந்தின் பாதையைத் தீர்மானிப்பது அந்தத் துளிதான்.

மீதிப் பாதி விடை, அணு அளவிலான துகள்களின் நடத்தையைச் சொல்லும் குவாண்டம் இயற்பியல் பக்கம் இருந்து வந்தது. அமெரிக்க இயற்பியலாளர் ஃபைன்மன் பள்ளிப் பையனாக இருந்தபோது வகுப்பில் அலுத்துப்போய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, பேடர் என்ற இயற்பியல் ஆசிரியர் தனியாகக் கூப்பிட்டு, செயல் பற்றிய இந்தத் தத்துவத்தைச் சொல்லியிருக்கிறார். ஃபைன்மனை அது விடவில்லை. செயலுக்கும் குவாண்டம் கணக்குக்கும் உள்ள தொடர்பை 1933இல் டிராக் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் ஒரு கட்டுரையில் தொட்டுக் காட்டியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு ஃபைன்மன் 1942இல் முனைவர் பட்ட ஆய்வேடு எழுதினார், 1948இல் விரிவாக வெளியிட்டார்.

அவர் சொன்ன கணக்குமுறை இது. ஒரு துகள் இங்கிருந்து அங்கே போகும் வாய்ப்பைக் கணக்கிட, போகக்கூடிய எல்லாப் பாதைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், கிறுக்குத்தனமான பாதைகள் உட்பட. ஒவ்வொரு பாதைக்கும் ஓர் அம்பு. எல்லா அம்பும் ஒரே நீளம், திசை மட்டும் வேறு. அந்தத் திசையை நிர்ணயிப்பது பாதையின் செயல். செயல் ஒரு பிளாங்க் மாறிலி அளவு மாறினால் அம்பு ஒரு முழுச் சுற்று சுற்றிவிடும். பிளாங்க் மாறிலி என்பது தசமப் புள்ளிக்குப் பின் 33 சுழியங்கள் போட்டு 6626 என்று எழுதவேண்டிய ஜூல்-நொடி. கடைசியில் எல்லா அம்புகளையும் தலைக்கு வால் வைத்துக் கூட்ட வேண்டும்.

வில்லியனூர்த் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து ஆளுநரே வந்து வடம் பிடிக்கும் தேர். அத்தனை பேரும் ஒரே பக்கம் இழுத்தால்தான் அது நகரும். ஆளாளுக்கு ஒரு திசையில் இழுத்தால் எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும் நின்ற இடத்தில் நிற்கும். 2 மீட்டர் பயணத்தின் அக்கம்பக்கத்தில் 10 சென்டிமீட்டர் நகர்ந்தாலே செயல் 0.79 மாறியது. பிளாங்க் மாறிலியால் வகுத்தால் அது ஒன்றுக்குப் பின் 33 சுழியங்கள் போட்ட எண்ணைவிடக் கூடுதலான சுற்றுகள். பக்கத்துப் பக்கத்துப் பாதைகளின் அம்புகள் எல்லாத் திசையையும் காட்டி ஒன்றையொன்று அழித்துவிடும். 5 மீட்டரைச் சுற்றிச் சமதளம் என்பதால் அங்கே மட்டும் அம்புகள் ஒரே பக்கம் இழுக்கும். மிஞ்சுவது அந்தப் பாதை.

ஆக, பந்துக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை. அது எந்தப் பாதையையும் தேர்ந்தெடுக்கவில்லை, எதையும் மிச்சம் பிடிக்கவும் இல்லை. மற்ற பாதைகள் தங்களுக்குள்ளேயே அழிந்துபோகின்றன. கானல் நீரில் இரண்டு பிம்பம் தெரிவதும் இப்போது விளங்கும்: சமதளம் இரண்டு, ஒத்து இழுக்கும் கூட்டமும் இரண்டு. துகள் ‘உண்மையிலேயே’ எல்லாப் பாதையிலும் போகிறதா என்ற விவாதம் தனி. என்னைக் கேட்டால் அதை ஒரு கணக்குமுறையாக எடுத்துக்கொள்வதே நல்லது. விடை சோதனையோடு பொருந்துகிறது, அதற்குமேல் உரிமை கொண்டாட வேண்டாம்.

அந்தச் சமதளம் எவ்வளவு அகலம் என்று கேட்டால் விஷயம் இன்னும் சுவாரசியமாகிறது. 5 மீட்டரிலிருந்து எவ்வளவு விலகினால் அம்பு திசைமாறத் தொடங்கும்? ஒரு கிலோ பந்துக்கு அந்த விலகல் ஒரு புரோட்டானின் அகலத்தில் சுமார் இருநூறில் ஒரு பங்கு. எனவே பந்துக்குப் பாதை கத்திமுனைபோல ஒரே கோடாகத் தெரிகிறது. இதே கணக்கில் பந்துக்குப் பதில் ஓர் எலெக்ட்ரானைப் போடுங்கள். நிறை குறையக் குறைய அகலம் கூடும். எலெக்ட்ரானுக்கு அது கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் வந்துவிடுகிறது. (நடைமுறையில் எலெக்ட்ரானை இப்படி எறிய முடியாது, துளி மின்புலம் இருந்தாலும் புவியீர்ப்பை அது விழுங்கிவிடும்.) அதற்கு ‘பாதை’ என்று ஒன்றைச் சொல்வதே சிரமம். பந்துக்கும் எலெக்ட்ரானுக்கும் வேறு வேறு விதி கிடையாது, சமதளத்தின் அகலம்தான் வேறு.

இன்றைக்கு அடிப்படை இயற்பியலில் புதிதாக ஒரு கோட்பாடு எழுதுபவர்கள் விசையிலிருந்து தொடங்குவதில்லை, செயலை எழுதிவிட்டுத்தான் மற்றது. ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாட்டை 1915இல் கணிதமேதை ஹில்பர்ட் ஒரு செயலிலிருந்து பெற்றுக் காட்டினார். நேற்றும் இன்றும் விதி ஒன்றே என்பதால்தான் ஆற்றல் அழியாமல் இருக்கிறது என்று கணிதமேதை எம்மி நோதர் 1918இல் நிறுவியதும் செயலை வைத்துத்தான்.

இவ்வளவு பலம் இருந்தும் கடற்கரைக் காற்று வீசும்போது இந்தத் தத்துவம் கொஞ்சம் தடுமாறும். நாம் ஆரம்பத்திலேயே காற்றை மறக்கச் சொன்னது அதனால்தான். உராய்வும் காற்றின் இழுவையும் ஆற்றலை வெப்பமாகச் சிதறடிக்கின்றன. சிதறியதைத் திரும்பப் பொறுக்கி நிலை ஆற்றலாக எழுத வழியில்லை. பந்தைத் தொட்ட ஒவ்வொரு காற்று மூலக்கூற்றையும் கணக்கில் சேர்த்தால் தத்துவம் மறுபடி பொருந்தும், ஆனால் அந்தக் கணக்கை யார் போடுவது? அதனால் சில்வர் பீச்சில் நிஜக் காற்றில் பந்து எங்கே விழும் என்று கேட்டால், எந்தப் பொறியாளரும் நியூட்டனின் விதியோடு இழுவைக்கு ஒரு விசையைச் சேர்த்து, கம்ப்யூட்டரில் துணுக்குத் துணுக்காகப் போட்டுப் பார்த்துத்தான் சொல்வார்.